பெஞ்சில் உட்கார்ந்த குரல்

மூன்றாவது ஃபவுல் தன்னுடையது இல்லை என்பதில் எபனேசருக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. கை நேராக மேலேதான் இருந்தது, அந்தப் பெங்களூர்க்காரன்தான் வந்து நெஞ்சில் மோதினான், மோதிவிட்டு அடிபட்டவன் மாதிரி ஒரு கத்து கத்தினான், நடுவர் அதை நம்பி விசிலை ஊதினார். நம்பத்தான் செய்வார். ஆறடி ஒன்பது அங்குலத்தில் ஒருவன் நின்றால் அவன்மேல் வந்து விழுகிறவன் எப்போதும் பாவமாகத்தான் தெரிவான், இது பள்ளிக்கூடத்திலிருந்தே வழக்கம், வகுப்பில் எவன் ஜன்னலை உடைத்தாலும் வாத்தியார் முதலில் இவனைத்தான் பார்ப்பார், கண்ணுக்கு முதலில் படுகிறவன் இவன்தானே. கூடைப்பந்தில் ஐந்து ஃபவுல் ஆனால் ஆட்டத்தை விட்டே வெளியே. முதல் குவார்ட்டர் முடிவதற்குள் மூன்று என்றால் எந்தக் கோச்சும் செய்வதைத்தான் லோகநாயகம் சாரும் செய்தார், பாதி ஆட்டம் வரைக்கும் உட்காரு கண்ணு என்று முதுகில் தட்டிவிட்டு இவனுக்குப் பதிலாக ஜிபினை உள்ளே அனுப்பினார். இப்போது இரண்டாவது குவார்ட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. இவன் துண்டை முழங்கால்களின்மேல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பெஞ்ச் என்று பெயர்தான், வரிசையாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், உட்கார்ந்தால் முழங்கால் மோவாய்க்கு வந்துவிடுகிறது, இந்தக் கோயம்புத்தூரில் இத்தனை மில்லும் இத்தனை பட்டறையும் இருந்து என்ன, இவன் அளவுக்கு ஒரு நாற்காலி செய்ய ஆளில்லை. முழங்கால் வலிக்கிறதா என்றால் வலிக்கவில்லை, வலிக்கும் என்று பயமாக இருக்கிறது, முப்பத்துநாலு வயதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மேலே திரும்பிப் பார்க்கக் கூடாது. மேலே கண்ணாடி போட்ட அறையில் மேனேஜர் ரகோத்தமன் உட்கார்ந்திருப்பார், இவன் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டால் ஏதோ கையேந்தி நிற்பது மாதிரி ஆகிவிடும். பார்த்தாகிவிட்டது. அவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

நீங்க கோர்ட்டுல என்னதான் பண்றீங்க எபனேசர். போன வாரம் அவர் கேட்டது இதுதான். கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு இவனும் கோபப்பட்டிருக்கலாம், அதற்கும் வழியில்லாமல் மனிதர் நிஜமாகவே தெரிந்துகொள்கிற ஆசையில் கேட்டார், காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். போடுகிற பாயிண்ட் குறைந்திருக்கிறது. எதிராளி எறிவதைத் தட்டிவிடுகிற பிளாக்கும் குறைந்திருக்கிறது. ஜிபினுக்கு இரண்டுமே ஏறுமுகம், பத்து வயது இளையவன் வேறு. அடுத்த வருஷம் மில் டீமில் வளையத்தடியில் நிற்கிற சென்டர் ஒருவனுக்குத்தான் ஒப்பந்தம், இந்த மேட்ச் முடியட்டும், பார்க்கலாம் என்றார். பிளாக் குறைந்துபோனது ஏன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது. வருகிறவன் இருந்தால்தானே சார் தட்டிவிடுவது. வளையத்துக்கு அடியில் இவன் நிற்பது தெரிந்தால் பாதிப் பேர் உள்ளே வருவதில்லை, வந்து, பார்த்து, பந்தை வெளியே கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எறியாத பந்துக்கு லேப்டாப்பில் கட்டம் கிடையாது. அப்புறம் இன்னொன்று. அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும், தொண்டை வரைக்கும் வந்தது, காபியோடு சேர்த்து விழுங்கிவிட்டான். பேசுகிறேன் சார். நான் பேசுகிறேன். பந்து வைத்திருப்பவனை மடக்குகிற தவசி வளையத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான், அவனுக்குப் பின்னால் எதிராளியில் ஒரு தடியன் சத்தமில்லாமல் வந்து தூண் மாதிரி நின்றுவிடுவான், ஸ்கிரீன் என்போம், தவசி பந்தின் பின்னால் ஓடினால் நேராக அந்தத் தூணில்போய் மோத வேண்டியதுதான், அது தவசிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தத் தடியனைப் பார்த்துக்கொள்கிறவன் நான், எல்லாருக்கும் பின்னால் நிற்கிறவன் நான், அதனால் தவசி வலது, தவசி இடது என்று நான் குரல் கொடுக்கிறேன், அவன் ஒதுங்கி ஓடுகிறான், நாலு பேருக்கும் சேர்த்து ஆட்டம் முழுக்க வாய் ஓயாமல் கத்துகிறேன், அதற்குத்தான் சம்பளம். மேனேஜர் முகம் எப்படி ஆகியிருக்கும். அவர் அறையில் ஏசி போட்டிருந்தது, கதவு நிலை தலையில் இடிக்காமல் குனிந்து வெளியே வந்தான், குனிந்ததை வணக்கம் என்று நினைத்துக்கொண்டு அவரும் பதிலுக்குக் கும்பிட்டார்.

அப்பாவும் பின்னால் நின்று கத்துகிற வேலைதான் பார்த்தார். தூத்துக்குடி திருச்செந்தூர் பஸ்ஸில் கண்டக்டர். பஸ் ஸ்டாண்டில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அப்பா இறங்கி, பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே வரலாம் வரலாம் என்பார், வண்டி அப்படியே வரும், பின்னால் பனங்கிழங்குக் கட்டோடு பொம்பளைகள், குறுக்கே ஓடுகிற பிள்ளைகள், டிரைவர் இசக்கி கண்ணாடியைக்கூடப் பார்க்க மாட்டார், முன்னால் பார்த்து யாரோடோ வம்பு பேசிக்கொண்டே எடுப்பார். அன்றைக்கு எபனேசருக்கு இசக்கிதான் பெரிய ஆள். அத்தனை பெரிய வண்டியை ஒற்றைக் கையில் திருப்புகிறாரே. தகரத்தில் தட்டுகிறவரை யார் பார்த்தார்கள். இப்போது ஏன் அது ஞாபகம் வருகிறது, ஆட்டத்தைப் பார், என்று தன்னையே அதட்டிக்கொண்டு நிமிர்ந்தான். முதல் பாதியில் மில் டீம் காக்க வேண்டிய வளையம் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே இருந்தது, எட்டி நாலு எட்டு வைத்தால் உள்ளே நிற்கலாம். அதனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே, யாரும் கேட்காமலே, குவார்ட்டர் ஆரம்பித்ததிலிருந்து இவன் குரல் கொடுத்துக்கொண்டிருந்தான். தவசி இடது. தவசி, ஆள் போயாச்சு, விடாதே. பழக்கம்தான், வாய் தானாகத் திறக்கிறது. ஜிபினுக்கு வாயில் கொழுக்கட்டை. நல்ல பையன், கோட்டயத்துக்காரன், எட்டிக் குதித்தால் வளையத்துக்கு மேலே முழங்கை போகும், ஆனால் அவனுக்குப் பந்து மட்டும்தான் தெரியும், பந்து எங்கே போகிறதோ கண்ணும் அங்கே, எதிரே நிற்கிற ஆள் எங்கே போனான் என்று கேட்டால் விழிப்பான். அவன் பேசாத பேச்சையெல்லாம் இவன் நாற்காலியிலிருந்து பேசினான், தவசி ஒதுங்கினான், பந்தோடு வந்தவன் தடுமாறினான், அவசரத்தில் எறிந்ததை ஜிபின் குதித்து ஓர் அடி அடித்தான், பந்து மூன்றாவது வரிசையில்போய் விழுந்தது. கூட்டம் எழுந்துகொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உதவிக் கோச் சபாபதி தொடையில் தட்டிக்கொண்டு, பரவால்ல எபி, நீ இல்லாமலேயே டிஃபென்ஸ் நிக்குது பாரு, பையன் தேறிட்டான் என்றார்.

அந்தச் சொல் போய் எங்கேயோ மாட்டிக்கொண்டது, மீன் முள் மாதிரி, விழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை. நீ இல்லாமலேயே. நான் இல்லாமலா. யார் குரல்டா அது, உங்க அப்பன் குரலா. சிரித்துவைத்தான். சபாபதிக்கே தெரியவில்லை என்றால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவருக்கு என்ன தெரியும், அங்கே சத்தமே கேட்காது, அங்கிருந்து பார்த்தால் எபனேசர் உட்கார்ந்திருக்கிறான், ஜிபின் ஆடுகிறான், டீம் நன்றாக நிற்கிறது, ஆக எபனேசர் வேண்டாம், கணக்கு முடிந்தது. தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டு, தோண்டுவதற்குக் குரலும் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒப்பந்தம் போனால் மில் கொடுத்த வீடும் போகும். மகள் கெசியா இப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் யாரோடோ சேர்ந்து உட்காரப் பழகியிருக்கிறாள். மனைவி ஜாய்ஸ் ஒன்றும் சொல்ல மாட்டாள், அதுதான் பயம், ஊருக்குப் போவமே என்று லேசாகச் சொல்லிவிட்டுச் சட்டியைத் தேய்க்கப் போய்விடுவாள், தேய்த்துக்கொண்டே இருப்பாள். ஊரில் என்ன செய்வது. மாமாவின் இரும்புக் கடையில் உட்காரலாம், ஏணி இனி தேவையில்லை என்று மாமா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார், மேல் தட்டிலிருந்து ஆணி டப்பாவை எடுத்துக் கொடுத்துக்கொண்டே வயதாகிவிடும். இவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் வேறு என்ன செய்ய முடியும், பஸ்ஸில் நிற்க முடியாது, கட்டிலில் நீட்ட முடியாது, கல்யாண வீட்டில் பின்னால் இருப்பவர்கள் உட்காரச் சொல்வார்கள். இந்த ஒரு இடத்தில்தான், அந்த வளையத்துக்கு அடியில்தான் உடம்பு சரியான அளவாக இருக்கிறது. அதையும் கேட்கிறார்கள். அடுத்த முறை பெங்களூர்க்காரர்கள் பந்தோடு வந்தபோது எபனேசர் வாயை மூடிக்கொண்டான். முடிவு செய்து மூடினான் என்று சொல்ல முடியாது. துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டான், அவ்வளவுதான். தண்ணீர் பாட்டிலைத் தேடினான். பார்க்கட்டுமே. ஒரு ஐந்து நிமிஷம் பார்க்கட்டும்.

ஐந்து நிமிஷம் தேவைப்படவில்லை. வாசல் கதவைத் திறந்துபோட்ட வீடு மாதிரி ஆகிவிட்டது வளையம். ஒருவன் இடப்பக்கமாக நுழைந்து அலுங்காமல் போட்டுவிட்டுப் போனான், அடுத்து இன்னொருவன், அவனைத் தடுக்க ஜிபின் ஓட, ஜிபின் விட்டுவிட்டு வந்த தாடிக்கார சென்டர் அடியில் தனியாக நின்று, பந்தை வாங்கி, சாவகாசமாகப் போட்டான். எபனேசரின் வயிற்றில் ஏதோ இனித்தது. இனித்ததை அவன் கவனித்தான். தன் டீம் பாயிண்ட் விடுவதைப் பார்த்து இனிக்கிற வயிறு எப்படிப்பட்ட வயிறு என்று வெட்கமாக இருந்தது, வெட்கத்தோடு சேர்ந்தே இன்னும் கொஞ்சம் இனித்தது. லோகநாயகம் சார் கோட்டோரமாக நின்று பேசுங்கடா, யாராவது பேசுங்கடா என்று கத்தினார். பேசுங்கடா. பார்த்தீர்களா சார். சபாபதி தொடையில் தட்டுவதை நிறுத்தியிருந்தார். கண்ணாடிப் பக்கம் இன்னொரு தடவை திரும்பினான், ரகோத்தமன் போனை வைத்துவிட்டு முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகப் பாருங்கள். இதைத்தான் நான் செய்கிறேன், இது நடக்காமல் இருப்பதுதான் நான் செய்வது. தவசி ஒரு தடவை பெஞ்சுப் பக்கமாகத் தலையைச் சாய்த்தான். திரும்பிப் பார்க்கவில்லை, அவன் பார்க்க மாட்டான், காதை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பின மாதிரி இருந்தது, ஆடு திருப்புமே அப்படி. தேனிக்காரன், குட்டையன், டீமில் சேர்ந்த நாளிலிருந்து இவன் நிழலிலேயே நிற்கிறவன், சாப்பிடும்போது எபனேசர் தட்டில் மிச்சமிருக்கும் முட்டையை உரிமையாக எடுத்துக்கொள்கிறவன். எபனேசர் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். நன்றாகத்தான் கட்டியிருந்தது. நிமிர்ந்தபோது தாடிக்காரன் வளையத்தடியிலிருந்து கிளம்பியிருந்தான்.

கிளம்பியதைப் பார்த்தான். அதில் சந்தேகமே இல்லை, இனி எத்தனை வருஷமானாலும் அதில் சந்தேகம் வராது. தாடிக்காரன் பெரிய எட்டாக வைத்து வளையத்தைவிட்டு முன்னே போனான், ஜிபின் பந்தைப் பார்த்துக்கொண்டு அடியிலேயே நின்றான், தாடிக்காரன் தவசியின் வலது தோளுக்குப் பின்னால் வந்து கால்களை அகட்டி ஊன்றி, கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டான், விதிப்படி சரியான ஸ்கிரீன், ஒரு குற்றமும் சொல்ல முடியாது. பந்து வைத்திருந்தவன் வலதுபக்கம் வெட்டினான். தவசி, வலது. அது நாக்கில் இருந்தது. த வரைக்கும் வந்துவிட்டது, மேல் பல்லில் நாக்கு பட்டதுகூடத் தெரிகிறது. மூச்சை இழுத்தான், இழுத்தது நன்றாக ஞாபகமிருக்கிறது, இழுத்த மூச்சு எங்கே போனது. தவசி முழு வேகத்தில் திரும்பி ஓடினான். சத்தம் தேங்காயைத் தரையில் போட்ட மாதிரி கேட்டது. அப்புறம் தவசி கீழே கிடந்தான், ஒரு கை உடம்புக்கு அடியில் தப்பான பக்கம் மடங்கியிருந்தது, வாய் திறந்திருந்தது, அதில் சத்தம் வரவில்லை. விசில். கூட்டம் ஒரேயடியாக அடங்கிவிட்டது. கத்த நேரம் இருந்ததா. இருந்தது. இருந்திருக்காது, கண்ணிமைக்கிற நேரம், மைதானத்துக்குள் இருப்பவனுக்கே போதாது. ஆனால் உள்ளே இருக்கும்போது தினமும் போதுகிறதே. அது ஜிபினுடைய வேலை, தாடிக்காரனைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் ஜிபின், பெஞ்சில் இருப்பவன் கத்த வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது. இல்லைதான். அப்படியென்றால் முதலில் ஏன் கத்திக்கொண்டிருந்தாய். பழக்கம். பழக்கம் என்றால் ஏன் நின்றது. களைப்பாக இருந்தது. களைப்பா. மேலே பார்த்துக்கொண்டிருந்தாயே, அதற்குக் களைப்பு இல்லையா. தவசிக்கு அடிபட வேண்டும் என்று நினைக்கவில்லை, கர்த்தர் சாட்சி, ஒரு கூடை போகட்டும், இன்னொரு கூடை போகட்டும் என்றுதான் நினைத்தேன், ஆள் விழுவான் என்று நினைக்கவில்லை. நினைக்கவில்லையா. இத்தனை வருஷம் எதற்காகக் கத்தினாய், விழுவான் என்றுதானே. அதற்குள் கால்கள் எழுந்து ஓடியிருந்தன. நடுவர் கையைக் காட்டியதும் லோகநாயகம் சாரும் பிசியோவும் இவனும் தவசியைச் சுற்றி மண்டியிட்டிருந்தார்கள்.

காலர் போன் போலத் தெரியுது, எக்ஸ்ரே எடுக்கணும் என்றான் பிசியோ. இந்த சீசன் அவ்வளவுதானா என்று கோச் கேட்டபோது அவன் கட்டுத்துணியைப் பிரிக்க ஆரம்பித்திருந்தான். கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியபின் எபனேசர்தான் தவசியைத் தூக்கினான், ஸ்ட்ரெச்சர் வரும்வரைக்கும் காத்திருக்கத் தோன்றவில்லை, கெசியாவைத் தூக்குகிற மாதிரிதான் இருந்தது, அவ்வளவு கனம்தான் இருந்தான். கூட்டம் கைதட்டியது. பெஞ்சுக்குப் பின்னால் கிடத்தும்போது சபாபதி ஓடிவந்து, மேலேருந்து போன் வந்தது எபி, உன்னை உடனே உள்ளே இறக்கச் சொல்றாரு, இவன் இல்லாம என்ன ஆகும்னு இப்பத்தான் தெரியுதுன்னு மேனேஜர் அவர் வாயாலேயே சொன்னாரு என்று காதோரம் சொன்னார். நல்ல செய்தி சொல்கிறவரின் முகமாக இருந்தது. போன வாரம் முழுக்க இந்த வாக்கியத்துக்காகத்தான் தூங்காமல் கிடந்தான், வந்தேவிட்டது, எபனேசர் துண்டை மடித்துத் தவசியின் தலைக்கடியில் வைத்தான். ஃபவுல் மூணு இருக்கு, ஜாக்கிரதையா ஆடு கண்ணு, போ என்றார் கோச். தவசிக்குப் பதிலாக நவநீதன் மேல்சட்டையைக் கழற்றிக்கொண்டு தயாராக நின்றான். தவசி கண்ணைத் திறந்து, நல்ல கையால் எபனேசரின் பனியனைப் பிடித்து இழுத்தான். வலியில் பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"ஸாரிண்ணே. நீங்க கூப்பிட்டிருப்பீங்க. கூட்டத்துச் சத்தத்துல எனக்குத்தேன் காதுல விழுகல."

எபனேசர் குனிந்தான். சொல்ல வேண்டாம் என்று ஒரு குரல் உள்ளே சொன்னது, சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, தெரியவே போவதில்லை, வீடு இருக்கும், கெசியா அதே வகுப்பில் இருப்பாள். அந்தக் குரலை அவனுக்கு இப்போது அடையாளம் தெரிந்தது, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் துண்டைப் பல்லில் கடிக்க வைத்ததும் அதுதான்.

"நான் கூப்பிடல தவசி. பாத்தேன். பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கூப்பிடல."

தவசி அவனையே பார்த்தான். பிறகு வலியோடு சிரிக்கப் பார்த்தான். "சும்மா இருங்கண்ணே. யாரு தப்பு செஞ்சாலும் நீங்க தலையில தூக்கிப் போட்டுக்குவீங்க. உங்களத் தெரியாதாக்கும் எனக்கு."

நெசமாத்தாம்ல சொல்லுதேன் என்று எபனேசர் ஆரம்பித்ததை அவன் காதிலேயே வாங்கவில்லை. தலையை அந்தப் பக்கம் திருப்பி, நவநீதனைக் கிட்டக் கூப்பிட்டான். "டேய், நான் கோட்டை விட்டுட்டேன். நீ பின்னாடி திரும்பித் திரும்பிப் பாக்காத. அண்ணன் சத்தம் வரலைன்னா பின்னாடி ஆளு இல்லைன்னு அர்த்தம். கண்ண மூடிக்கிட்டு ஓடு."

நவநீதன் தலையாட்டினான். நடுவர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தார், எவ்வளவு நேரம் காத்திருப்பது என்கிற பார்வை. எபனேசர் உள்ளே போனான். மேலே கண்ணாடிக்குப் பின்னால் யாரோ எழுந்து நின்று கைதட்டுவது தெரிந்தது, அவன் அங்கே பார்க்கவில்லை. வளையத்துக்கு அடியில் தன் இடத்தில்போய் நின்றான். எதிரே தாடிக்காரன் மூச்சு வாங்கிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தான். முன்னால் நவநீதன் கைகளை விரித்து, முழங்காலை மடக்கி, முழு முதுகையும் இவனிடம் கொடுத்துவிட்டுப் பந்தைப் பார்த்து நின்றான். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.